தியானத் திண்டும் ஜப்பான் காசும்

வேங்கிக்காலில் ஆறு தையல் மிஷினைப் போட்டுவிட்டு 'இன்டர்நேஷனல்' என்று போர்டு மாட்டியவன் புகழேந்தி. ஜப்பான்காரர்கள் காலை மடக்கி உட்கார்ந்து தியானம் பண்ண, இலவம்பஞ்சுத் திண்டு தைத்து அனுப்புகிற கம்பெனி. அங்கே தையலை மேற்பார்வை பார்க்கிறவள் தனம், அடி அண்ணாமலை பலராமனின் மூத்த பெண். பலராமனின் கூடப்பிறந்த அக்காள் மகன்தான் புகழேந்தி. ஆக, முதலாளி அவளுக்கு மாமா முறை. சம்பளம் போடும்போது அந்த முறை மறந்துபோகும், வேலை வாங்கும்போது மட்டும் நன்றாக ஞாபகம் வரும்.

மாசம் எண்ணூறு திண்டு, அத்தனையும் ஒரே ஜப்பான் வியாபாரிக்கு. பில் ரூபாயில்தான்.

"ஜப்பான் காசு யென் ஏறினா என்ன, இறங்கினா என்ன? அந்தத் தலைவலி ஜப்பான்காரனுக்கு. நமக்கு ரூபாய் வந்துடும்" என்று புகழேந்தி டீ குடிக்கிற இடமெல்லாம் பாடம் நடத்துவான்.

தலைவலி வந்தவன் சும்மா இருப்பானா? யென் இறங்கியது. அதே ரூபாய்க்கு அவன் ஜாஸ்தி யென் கொடுக்க வேண்டியதாயிற்று. அவன் கடையில் விலை ஏறியது. ஜனங்கள் பழைய திண்டிலேயே ஞானம் அடைந்துகொள்வதாக முடிவு பண்ணிவிட்டார்கள். எண்ணூறு, இருநூறு ஆனது. ரூபாய் பில்லுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"தனம், இந்த மாசத்தோட நாலு பேரை நிறுத்திடு."

"யார் யாரை மாமா?"

"அதையும் நீயே பாத்துக்க. உன் பேச்சைத்தான் கேப்பாங்க."

பெருந்தன்மை என்றால் இதுதான். எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த நாலில் அவள் தங்கை அன்புச்செல்வி வந்தாள். புருஷன் இல்லாதவள், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"ஜப்பான்காரன் மட்டும்தான் உக்காருவானா மாமா? பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆந்திராவுலேர்ந்து வர்றவங்க பதினாலு கிலோமீட்டர் நடந்துட்டு வெறுந்தரையில குந்துறாங்க. மெலிசா, தோள்ல மாட்டிக்கிற மாதிரி தச்சுக் குடுக்கலாம். அவங்க சம்பாதிக்கிறதும் ரூபாய்தான்."

"எக்ஸ்போர்ட் கம்பெனி ரோட்டோரம் கடை போடறதா? என் மானம் என்ன ஆவறது?"

"அதை நீங்க வீட்ல பத்திரமா வச்சுக்குங்க. மிச்சத் துணியை மட்டும் எங்கிட்ட குடுங்க."

புகழேந்தி சும்மா கிடந்த மிஷின்களைப் பார்த்தான், டீ குடிக்கக் கிளம்பிவிட்டான். அதைச் சம்மதம் என்று தனமே எடுத்துக்கொண்டாள்.

பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் அப்பா வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து அக்காளும் தங்கையும் கடை போட்டார்கள். பலராமன் தனக்குத் தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தையையும் கூவித் தீர்த்தார். நூற்றிருபது திண்டும் போனது. நெல்லூர்க்காரர் ஒருத்தர் தன் கூட்டத்துக்கு ஐந்நூறு வேண்டுமென்று நம்பர் வாங்கிக்கொண்டார்.

மாசம் முடிந்தது.

"யாரை நிறுத்தின?"

"யாரையும் இல்ல மாமா. ஆறு பேரு பத்தல."

அடுத்த வாரம் சிறுதொழில்காரர்கள் கூட்டத்தில் புகழேந்தி மைக்கைப் பிடித்தான். "ஒரே நாட்டை நம்பக்கூடாதுனு நான் அப்பவே கணிச்சேன்." கைதட்டல் பிரமாதம். தனத்தை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவளால் வந்திருக்க முடியாது. நெல்லூர் திண்டில் இன்னும் இருநூறு பாக்கி.