ஐந்து மணிகள், மூன்று ஞாயிறுகள்

டங்... டிங்... டங்... அந்த மணிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

புந்தோங்கில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறை. நான் அப்போதுதான் நிருபராகச் சேர்ந்திருந்தேன். அறைத்தோழன் செல்வம் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினான். அவன் ஷிப்டும் என் வேலையும் ஒத்துவராது. ஞாயிறு மட்டும்தான் சேர்ந்து இருப்போம். தொலைக்காட்சி பழையது. கேம் பெட்டி அதைவிடப் பழையது.

அந்த விளையாட்டில் ஒரு பாழடைந்த மாளிகை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஐந்து மணிகள். சரியான வரிசையில் அடித்தால்தான் கதவு திறக்கும். ஒரு ஞாயிறு முழுக்க அடித்துப் பார்த்தோம்... ம்ஹூம்.

"சைபர் கஃபேல தேடிப் பார்த்துடலாமா?" என்றேன்.

"வேணாம்லா மச்சான். மூணு ஞாயிறு பார்ப்போம். அப்பவும் வரலன்னா ரெண்டு பேருமா போய்க் கேப்போம். நீ ரிப்போர்ட்டரு, கேக்குறதே பொழப்பு. இதுலயாச்சும் வாய்க்கு லீவு குடு லா."

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு செல்வம் மணிகளைத் தொடவே இல்லை. மாளிகையின் பக்கத்து அறைக்குள் போய் நின்றுகொண்டான். அங்கே கூரை ஒழுகி, ஐந்து கிண்ணங்களில் தண்ணீர் சொட்டும்.

"கொஞ்சம் சும்மா இரு மச்சான்" என்றான். எனக்கு எரிச்சல்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் சைபர் கஃபேக்குப் போனேன். விடையை அச்சடித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு, செல்வம் ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு படியேறி வந்தான். மறு கையில் அவன் எதையாவது குறித்துவைக்கும் சின்ன 555 நோட்டுப் புத்தகம்.

"மச்சான், ஒன்னு சொல்லணும்..."

"இரு, முதல்ல இதைப் பாரு!"

ஐந்து மணிகளையும் அடித்தேன். கதவு திறந்தது.

"எப்படி மச்சான்?"

"சும்மா... தோணுச்சு லா."

தோளில் தட்டினான். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை துணி துவைப்பது அவன் முறை. நான் திரும்பி வந்தபோது, நனைந்த அந்தத் தாள் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது.

"கேட்டது தப்பில்ல மச்சான். தோணுச்சுன்னு சொன்ன பாரு... அதான்."

சண்டை எதுவும் இல்லை. ஆனால் அதன்பிறகு கன்ட்ரோலரை நீட்டினால், "நீ ஆடு, நான் பாக்குறேன்" என்பான். சில மாதங்களில் தெற்கே ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அறையைக் கூட்டும்போது அவன் கட்டிலுக்கு அடியில் அந்த நோட்டு கிடந்தது. ஐந்து கிண்ணங்களை வரைந்து, சொட்டும் வரிசைக்கு எண் போட்டிருந்தான். மணிகளின் வரிசையும் அதேதான், ஐந்தும் சரி. கீழே இரண்டு வரி:

"மழையில, ரப்பர் பால் புடிக்க மரத்துல கட்டுற மங்குல தண்ணி விழுற சத்தம் மாதிரியே இருக்கு. ஞாயிறு மச்சான்கிட்ட சொல்லணும்."

மேலே கிழமை குறித்திருந்தான். புதன். நான் சைபர் கஃபேக்குப் போனதற்கு இரண்டு நாள் முன்பு.

இப்போது எந்தப் புதிருக்கும் கைபேசியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. மூன்று ஞாயிறு என்ன, மூன்று நிமிடம்கூட யாரும் காத்திருப்பதில்லை... நானும்தான்.

இத்தனை வருட வேலையில் மூன்று பேரைக் கேட்காமல் ஒரு செய்தியும் எழுதியதில்லை. அன்று, விடை தெரிந்தவன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தான். அவனைக் கேட்கவில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் செல்வத்திடமிருந்து வாழ்த்து வரும். நானும் பதில் அனுப்புவேன்.

அந்த நோட்டு என்னிடம் இருப்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.