பழைய எண் 14, புதிய எண் 31

மந்தைவெளியில் கபாலியின் சைக்கிள் கடைக்குக் காற்றடிக்கப் போனவன் எவனும் வெறும் காற்றோடு திரும்பியதில்லை. டயர் கல்லாக இறுகுவதற்குள் அவன் காதில் நாற்பத்திரண்டு பேரை ஏற்றிவிடுவார்.

"சக்திவேலு, பேங்க் ஆபீசரு. ஸ்வர்ணலதா, ஆஸ்பத்திரில ஹெட் நர்ஸு. நூர் முஹம்மது, ரயில்வே. அல்லாம் நம்ம அட்ரஸ்ல வளந்த புள்ளைங்கோ நைனா. நான் மூணாங்கிளாஸு. இன்னா, நம்ப முடியலியா?"

பீற்றிக்கொள்கிறார் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். செய்தவன் சொல்லாமல் சும்மா கிடந்தவனா வந்து சொல்வான்? படித்தவர்கள் நூறு பேர் கூட்டம் போட்டுப் பேசியும் தீராத ஒரு காரியத்தை இந்த மனிதர் நாலு ஆணியாலும் ஒரு கிழிந்த டியூபாலும் தீர்த்து வைத்தார். அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

கால்வாய்க் கரையில் படகுத்துறைக் குப்பம் என்று ஒன்று இருந்தது. இருநூறு குடிசை. ஒன்றுக்கும் கதவு எண் கிடையாது. கபாலியும் அங்கேதான் குடியிருந்தார். மொத்தக் குப்பத்துக்கும் வரும் கடிதங்களை முனை டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். இனாயத் என்ற பையனுக்கு வந்த இன்டர்வியூ கார்டு பதினோரு நாள் பன் தட்டுக்கு அடியில் கிடந்தது. கைக்கு வந்தபோது தேதி தாண்டி நாலு நாள் ஆகியிருந்தது. அவன் அந்தக் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கபாலியின் கடை வாசலில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கபாலி குப்பத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். "இனிமே எவனும் குப்பம்னு எழுதாத. என் கடை நம்பர எழுது. பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொண்ணு. கேர் ஆப் கபாலி."

டியூபைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினார். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கடிதம் செருகலாம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அரசாங்க முத்திரை போட்ட பழுப்பு உறை வந்தால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுச் சைக்கிளில் ஏறிக் கால்வாய்க் கரை நெடுக மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போவார். அந்த மணி கேட்டால் குப்பமே வாசலுக்கு வரும். யாருக்கு வேலை வந்திருக்கிறதோ என்று.

வீட்டுக்காரர் சந்திரமௌலி மாடியில் இருந்தார். ஒருநாள் குப்பத்துப் பையன் ஒருவனின் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்து போன பிறகு படியில் நின்று கேட்டார்: "ஏண்டா கபாலி, என் ஆத்து நம்பர்ல மொத்தம் எத்தனை பேர்டா குடியிருக்கா?"

"இன்னித் தேதிக்குப் பதினேழு பேரு சாமி."

"நேக்குத் தெரியாம பதினேழு பேரா! சரி, அவன் நல்ல பையன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கேன். கடுதாசி வந்தா நனையாம வை."

அப்படிப்பட்ட மனிதர். அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் மகள் ஜானு வெளிநாட்டில் இருக்கிறாள். மாடிக்குப் பூட்டு. மூன்று வருடத்துக்கு முன் குப்பத்தையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். கபாலியின் மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். தனி ஆளுக்கு எட்டாவது மாடியில் என்ன வேலை என்று அவர் கடையிலேயே தங்கிவிட்டார். இப்போது எல்லாம் போனில் வருகிறது. டியூப் பட்டைகள் காலியாகச் சுவரில் காய்ந்து கிடக்கின்றன.

அந்தக் கடைக்குத்தான் போன மாதம் மாளவிகா என்ற பெண் வந்தாள். ஏழைப் பகுதிகளில் இளைஞர்களைத் தூக்கிவிட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கௌரவிக்கும் ஓர் அறக்கட்டளையிலிருந்து.

"உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம் ஐயா. தி.நகர்ல விழா. உங்களால முன்னுக்கு வந்தவங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்தா போதும். மேடையில உங்க பக்கத்துல நின்னு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பேசணும். தேர்வுக்குழுவுல எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

"மூணா?" கபாலி சிரித்தார். "முப்பது பேர இட்டாரேன். சேர் பத்தாதும்மா, சொல்லிப்புட்டேன்."

அன்று மத்தியானமே போனை எடுத்தார்.

நூர் முஹம்மது சந்தோஷமாகத்தான் பேசினான். விழா என்றதும் குரல் இறங்கியது. டூட்டி இருக்கிறது என்றான். என்ன தேதி என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை.

கொட்டிவாக்கத்தில் இருக்கும் ஸ்வர்ணலதா அழுதாள். "மாமா, போட்டோ பேப்பர்ல வருமா? பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம். குப்பம்னு தெரிஞ்சா..."

சக்திவேல் போனைத் துண்டித்துவிட்டுத் தெருவுக்கு வந்து திரும்பக் கூப்பிட்டான். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"மாமா, கோச்சிக்காதீங்க. என் மாமனார் ஊட்டுல யாருக்கும் தெரியாது. கல்யாணத்தப்போ எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்க. உங்க நம்பரச் சொன்னேன். மாடி ஊடு எங்களுதுன்னுட்டேன்."

"சாமி ஊட்டையா?"

"ஆமா மாமா. ஒருநாள் பழைய வீட்டக் காட்டுங்க மாப்ளேன்னு அவரு நச்சரிச்சுக்கினே கீறாரு."

கபாலி சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை. "நல்லா கீறியா?" என்று கேட்டார். "நல்லா கீறேன் மாமா" என்றான். "அது போதும்" என்று வைத்துவிட்டார்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு எண்களைப் போட்டுப் பார்த்தார். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. மீதிப் பேர் வேறு வேறு விதமாக அதே பதிலைச் சொன்னார்கள். குப்பம் என்று எழுதாதே என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் எழுதவில்லை. யாரைக் குற்றம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வேட்டி சட்டையைத் தானே தேய்த்துக் கட்டிக்கொண்டு தி.நகருக்குப் பஸ் ஏறினார். குளுகுளு அரங்கம். முதல் வரிசையில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலிக்குப் பக்கத்தில், 'கபாலி அவர்களின் விருந்தினர்' என்று ஒட்டிய மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. மாளவிகா ஓடிவந்தாள்.

"ஒருத்தர்கூட வரலையா ஐயா?"

"வேலைக்குப் போற புள்ளைங்கம்மா. லீவு கெடைக்கல."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஐயா."

அவர் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களுக்குப் பக்கத்தில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள். ஒரு அம்மாளைச் சுற்றிப் பதினைந்து பெண்கள் செல்ஃபி எடுத்தார்கள். ஓர் ஆள் வந்து காலி நாற்காலியைக் காட்டி, "இங்க யாராவது வர்றாங்களா பெரியவரே?" என்றான். "இல்ல நைனா, எடுத்துக்கோ" என்றார். ஒவ்வொன்றாக மூன்றும் போயின.

அவர் முறை வந்தது. கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டு, தொகுத்து வழங்கிய பெண் ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"உங்களால முன்னுக்கு வந்தவங்க யாரு யாருன்னு சபைக்குச் சொல்லுங்க ஐயா."

நாற்பத்திரண்டு பெயரும் தொண்டைக்கு வந்து நின்றன. பஞ்சர் ஒட்ட வந்தவனுக்கெல்லாம் சொன்ன பெயர்கள். ஒலிவாங்கி வைத்து, விளக்குப் போட்டு, ஐந்நூறு பேர் காது கொடுத்துக் கேட்கும் நாள் வாழ்நாளில் இது ஒன்றுதான். எதிரே கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"பேரு சொல்றதுக்கில்லம்மா."

"ஒரே ஒரு பேராவது?"

"ஞாபகம் இல்ல."

சபையில் யாரோ சிரித்தார்கள். மேடையில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சரியா விசாரிச்சுத்தான் கொடுக்கறாங்களா?" என்று கேட்டது ஒலிவாங்கியில் ஏறி அரங்கம் முழுக்கக் கேட்டது. கபாலிக்குக் காது சுட்டது. கேடயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெயர் வாயிலிருந்து வரவில்லை. கைதட்டல் சின்ன மழைபோல் விழுந்து நின்றுபோனது.

கேடயத்தில் பொன்னெழுத்து: 'படகுத்துறைக் குப்பத்து இளைஞர்களின் வழிகாட்டி'. டியூப் பட்டைகளுக்கு நடுவே மாட்டினார். ஒரு வாரம் காற்றடிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். "பம்ப்ப நேரா புடி" என்று மட்டும் சொன்னார். கபாலிக்கு உடம்புக்கு ஏதோ என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு காலை எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் சக்திவேல். கபாலி எழுந்தார். கேடயத்தைக் கழற்றிச் சாக்குக்கு அடியில் தள்ளினார். பிறகுதான் வாசலுக்கு வந்தார்.

தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட பருத்த மனிதர் இறங்கினார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாமனார் வெள்ளைச்சாமி.

"இதானா மாப்ள வீடு? நல்லாத்தான இருக்கு! எந்த ரூம்ல இருந்து படிச்சிய?"

சக்திவேல் மாடியைப் பார்த்தான். கபாலியின் பக்கம் அவன் கண் வரவே இல்லை.

வெள்ளைச்சாமி திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க இங்க ரொம்ப நாளாக் கட வச்சிருக்கியளோ?"

"நாப்பது வருசம் சார். தோ, அந்த மூலை ஜன்னல் கீதே, அங்கதான் ஒக்காந்து படிப்பாரு. ராவெல்லாம் லைட்டு அணையவே அணையாது." முப்பது வருடம் அவன், இவன், டேய் என்று கூப்பிட்ட வாய். "தம்பி மாதிரி ஒரு புள்ளைய இந்தத் தெருவே பாத்ததில்ல சார்."

"அப்பம் கரண்டு பில்லு கட்டவே வீட்ட வித்துருக்கணுமே!" வெள்ளைச்சாமி குலுங்கிச் சிரித்துக்கொண்டே காருக்கு நடந்தார்.

சக்திவேல் பின்னால் வந்தான். கடை வாசலில் நின்ற பழைய சைக்கிளைத் தாண்டும்போது அவன் கை மணிமேல் போனது. நிறுத்தாமல் அடித்தான். தெரு முனைவரை கேட்டிருக்கும்.

"இன்னும் சின்னப்புள்ள கணக்கால்லா இருக்கிய மாப்ள! ஏறுங்க."

கார் போனது. கபாலி அது திரும்பும்வரை நின்றார். வேறு எந்த வாசலிலும் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

சாக்குக்கு அடியிலிருந்து கேடயத்தை எடுத்துத் துணியால் துடைத்தார். அதே ஆணியில் மாட்டினார், எழுத்து சுவரைப் பார்க்க.