மூன்று கட்டை

எனக்குச் சங்கீதம் சொல்லித்தந்தவர் பெண் பிள்ளைகள் எல்லாரையும் ஐந்து கட்டைச் சுருதியில்தான் பாடவைப்பார். அந்த உயரம் எட்டாதவள் தொண்டை கிழியக் கத்தவேண்டியதுதான். நானும் கத்தினேன். இருபது வயதுக்குள் குரல் உடைந்து, மேடை ஆசையெல்லாம் போய், மாங்குளத்தில் சங்கீத ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் என்னிடம் வருகிறவர்களை முதல் நாள் பாட விடமாட்டேன். கதைக்க விடுவேன். தூரத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடச் சொல்லுவேன். குரல் எங்கே நோகாமல் நிற்கிறதோ, அதுதான் அவர்களுடைய சுருதி.

எண்பதுகளின் தொடக்கத்தில் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் படிப்பித்துக்கொண்டிருந்தார். சங்கீதப் பரீட்சையில் தேறினால் நிரந்தர வேலை. இரண்டு முறை தவறிவிட்டார். மூன்றாம் முறையும் தவறினால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகச் சொல்லி வீட்டில் முடிவாகிவிட்டது.

"எனக்கு ஆம்பளக் குரலாம் டீச்சர். போன வாட்டியே சொல்லிட்டாங்க."

"ஆர் சொன்னது? அவையின்ர காதிலதான் கோளாறு!" என்று பொரிந்து தள்ளினேன்.

முதல் பாடம் அவருடைய வீட்டு முற்றத்தில். "வயலில நிக்கிற உங்கட மனுசனைக் கூப்பிடுங்கோ பாப்பம்" என்றேன். கூப்பிட்டார். அடேயப்பா, என்ன குரல்! மனைவியைப் பாம்பு கடித்துவிட்டதாக்கும் என்று மனுசன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சுருதிப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். மூன்று கட்டை. அடுத்த எட்டு மாதமும் அதைவிட்டு ஒரு துளி மேலே போக நான் விடவில்லை.

பரீட்சை வவுனியாவில் நடந்தது. காலையிலிருந்தே சுருதிப் பெட்டி ஐந்து கட்டையில் இருந்தது. போனவர்கள் எல்லாரும் அதிலேயே பாடி, வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். மாற்றச் சொல்லிக் கேட்பது மரியாதையில்லை என்று ஊறிப்போன பயம். நான் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மாணவி போய் உட்கார்ந்தார். சுருதிப் பெட்டியையே பார்த்தார்.

"ஏன் பாக்கிறீர்? தொடங்கும்" என்றார் பரீட்சகர்.

"ஐயா, எனக்கு மூணு கட்டை வைங்க."

"பெண் பிள்ளையள் ஐஞ்சிலதான் பாடுறது."

"நான் மூணுல பாடுறேங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

பரீட்சகர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுருதியை மாற்றினார்.

பாட்டுத் தொடங்கியதும் வரிசையில் குசுகுசுத்துக்கொண்டு நின்ற பெட்டைகள் வாயை மூடினார்கள். எல்லாரையும் ஒரு பாட்டோடு அனுப்பிய மனிதர் இரண்டாவதும் பாடச் சொன்னார். மூன்றாவதும் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அவர் தேறியதும் வேலை கிடைத்ததும் பிறகு கடிதத்தில் வந்த செய்திகள். நாங்கள் வென்றது அன்றைக்குத்தான்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தார். உள்ளே அடுத்த பெட்டை போய் உட்கார்ந்தாள். பரீட்சகரின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"பிள்ளை, உமக்கு எத்தினை கட்டை வேணும்?"