ரெஸ்ட்ரெயின்ட்: விட்டுப்போன பொருள்

மருத்துவமனையில் என்னிடம் நீட்டிய தாளின் தலைப்பில் ரெஸ்ட்ரெயின்ட் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பூவம் கிராமத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருபது வருடமாக நான் நடத்திவரும் சொல். அடக்கம், பொறுமை என்று கரும்பலகையில் எழுதுவேன். கோபம் வந்தும் கை ஓங்காதவனைப் பற்றிச் சொல்லும் சொல் என்பேன். அப்போதெல்லாம் என் மனத்தில் அண்ணன்தான் வருவார். தன் வலையை அறுத்துவிட்டுப் போனவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாதவர். கட்டிவைத்தல் என்று அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு. தேர்வில் வராது என்று விட்டுவிடுவேன். இப்போது இரண்டையும் எழுதுகிறேன்.

விசைப்படகில் வலையிழுக்கும் இரும்புக் கம்பி அறுந்து அண்ணனின் தலையில் அடித்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. "நீ படிச்சவ, டாக்டரு சொல்றது ஒனக்குத்தான் புரியும், நீ போ" என்று அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் அண்ணன் அரை நினைவில் மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டார். நர்ஸ் அந்தத் தாளோடு வந்தார்.

"கையைக் கட்டணுங்க. இல்லன்னா மறுபடி இழுத்துடுவாரு."

வெளியே இருந்த அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன். கயிறு இழுத்தே காய்த்துப்போன கைகளைத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினார்கள்.

மதியம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அவுத்து வுடு பாப்பா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"பேசாம இருங்கண்ணே, ஒங்க நல்லதுக்குத்தான்" என்றேன், வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் குரலில். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில் இறந்துபோனார்.

உடலை வீட்டில் கிடத்தியபோது மணிக்கட்டுகளில் இருந்த சிவந்த தடத்தை அண்ணி பார்த்துவிட்டார்.

"இது என்ன? யாரு கட்டுனது?"

"அண்ணன் மூக்குக் குழாயைப் பிடுங்குனாங்க அண்ணி. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்னைக் கூப்புட்டிருக்கலாமே, புள்ள. நான் கையைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேனே."