மறுகரைக்கு ஆள்

ஜினதாஸ் இட்டுக்கட்டிப் பேசுகிற மனிதர் அல்ல. நாக்பூர் ரயில்வே கன்ட்ரோல் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனை எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் தாண்டியது என்று எழுதுவதுதான் அவர் வேலை. அவர் ஐந்து முப்பத்தொன்று என்றால் அது ஐந்து முப்பத்தொன்றுதான். ஐந்தரை அல்ல. ஆகையால் இதில் வரும் நேரங்களையாவது நீங்கள் நம்பியாக வேண்டும். மற்றதை அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

1971, கார்த்திகை அமாவாசை. வியாழக்கிழமை.

பழைய மாணவர் கூட்டத்தை அமாவாசையிலா வைப்பார்கள் என்று நினைக்கலாம். காஞ்சிபுரத்தில் அன்றுதான் வைக்க முடியும். தறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நெசவாளிகள் தறியில் கை வைக்க மாட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் நெசவுக்குப் போனவர்கள். வேறு நாளில் வைத்தால் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும்.

1956-இல் பள்ளி இறுதி வகுப்பு முடித்தவர்களின் கூட்டம் அது. நாக்பூருக்கு இரண்டு நாள் தாமதமாக வரும் தமிழ்ப் பத்திரிகையில் மூன்று வரி அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஜினதாஸ் வண்டி ஏறியிருந்தார். மனைவி தயாவதி இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'மதராஸி பாபு'. பெயர் சொல்லி அவரை ஒருவர் கூப்பிட்டும் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருவராவது தம்மை அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் எழுநூறு மைல் வந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும், நாலேகால் மணிக்கு, ஹாலில் கூட்டம் தொடங்கியது. ஏற்பாடு செய்தவர் சபாபதி. அன்றைக்கு வகுப்பின் கோமாளி, இன்றைக்கு ஜவுளிக்கடை முதலாளி.

"இன்னாபா, நீ எந்த செட்டு?" என்றார் சபாபதி.

"உங்க செட்டுதான். பி செக்‌ஷன். மூணாவது பெஞ்ச்."

"மூணாவது பெஞ்ச்ல நாந்தான குந்தினு இருந்தேன்? ஏய் அப்பாதுரை, இவரு யாருனு பாரு."

அப்பாதுரை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார். "நைனார் வூட்டுப் புள்ள மாதிரி இருக்குது. நீ அப்பாண்டைதான?"

"அப்பாண்டை வேற. நான் ஜினதாஸ்."

"ரெண்டும் ஒண்ணுதான் போ! தாமல் பஸ்ஸுல தொங்கிக்கினு வருவீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜினதாஸும் சிரித்து வைத்தார். அவர் பஸ்ஸில் வந்ததே இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறை எடுத்து, தானே பொங்கிச் சாப்பிட்டு, மூன்று வருடம் படித்தவர்.

பேச்சு வேறு பக்கம் போனது.

"சயின்ஸ் சார் சைக்கிள்ல காத்தப் புடுங்கினது யாரு, இப்பவாவது சொல்லுங்கடா!"

"நீதான்!"

"நானா? நான் காவலுக்கு நின்னவன்பா!"

அன்று காற்றுப் போன அந்தச் சைக்கிளை சாரின் வீடுவரை தள்ளிக்கொண்டு போனது ஜினதாஸ்தான். அதை யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த குரூப் போட்டோவிலும் அவர் இல்லை. படம் எடுத்த அன்று அவருக்கு அம்மை போட்டிருந்தது.

ஏழு மணிக்கு இலைச் சாப்பாடு என்று அறிவித்தார்கள். ஜினதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு நாற்பத்தெட்டு. நைனார்கள், அதாவது தமிழ் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. அந்த மாதத்தில் காஞ்சிபுரத்தில் சூரியன் ஐந்து நாற்பது வாக்கில் இறங்கிவிடும். இதெல்லாம் அந்த ஹாலில் யாருக்கும் நினைவில்லை. நினைவிருக்கக்கூடியவன் ஒருவன்தான், தறிக்காரச் சிநேகிதன். திருஞானசம்பந்தம்.

"சம்பந்தம் வரலையா?" என்று சபாபதியைக் கேட்டார்.

"சம்மந்தமா? வந்துக்கினே இருப்பான். ரேஷன் கடைய மூடிட்டு வரணும்ல!" சபாபதி மைக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரேஷன் கடையா? தறியை விட்டுவிட்டானா? நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஜினதாஸ் எழுந்தார். அவர் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டு.

பிள்ளையார்பாளையத்தில் மற்ற நாட்களில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கூடவே வரும். ஒவ்வொரு வீட்டிலும் இழையை நெருக்கிப் பலகை அடிக்கிற சத்தம். அன்று எதுவும் இல்லை. தெருவே காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. செருப்புச் சத்தம் மட்டும்.

ஐந்து நாலுக்கு, சம்பந்தத்தின் தெரு முனையில் அவர் நின்றார்.

ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

சர்ர்… தடக்.

பிறகு ஒன்றுமில்லை. நீண்ட இடைவெளி. மறுபடியும்… சர்ர்… தடக்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் இருக்கும். உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து, வரிக்கு வரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போவார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒரு கரையை நெய்கிறவரே பார்த்துக்கொள்வார். மறுகரைக்கு அவர் கை எட்டாது. அங்கே இன்னொருவர் உட்கார்ந்து, அந்தக் கரைக்கு உரிய நாடாவைத் தள்ள வேண்டும். நாடா என்பது இழையைச் சுமந்து ஓடும் சின்ன மரக்கட்டை. ஆக, கோர்வைத் தறிச் சத்தத்தில் இரண்டு ஓட்டம் கேட்கும். பெரிய ஓட்டம். அதற்குப் பதில் போல ஒரு சின்ன ஓட்டம். பிறகு பலகை அடி.

இந்தத் தறியில் பதில் இல்லை. யாருக்காகவோ காத்திருந்து, வராமல், தானே அடித்துக்கொள்வது போல இருந்தது.

பள்ளி நாட்களில் அந்த மறுகரையில் உட்கார்ந்தவர் ஜினதாஸ்தான். சம்பந்தத்தின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபின், தினமும் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம். கூலி கிடையாது. பொழுது சாய்வதற்குள் ஒரு தட்டுச் சோறு.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. ஐந்து பன்னிரண்டு.

"வாடா தாசு," என்றது குரல். "மறுகரைக்கு ஆள் இல்லப்பா."

ஜினதாஸ் கதவைத் தள்ளி உள்ளே போனார். தாசு! பதினைந்து வருடம் கழித்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், காலடியை வைத்தே கண்டுபிடித்துவிட்டானே!

"எப்டிடா இருக்க?"

"ஒக்காரு. அப்பறம் பேசலாம்."

சம்பந்தம் குழித்தறியில் உட்கார்ந்திருந்தான். தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதி மிதித்து நெய்கிற தறி அது. நெய்கிறவர் இடுப்புக்கு மேல்தான் தெரிவார். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஜினதாஸ் மறுகரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கிளிப்பச்சை உடல். அரக்குக் கரை.

அன்று நெய்ததும் இதே நிறம்தானே…

"கடைசிப் பரீச்சை அன்னிக்கி சாயங்காலம் வர்றேன்னு சொன்ன," என்றான் சம்பந்தம்.

"அப்பா வண்டி கட்டிக்கினு வந்துட்டாருடா. சொல்லிக்காமப் போயிட்டேன். தப்புதான்."

"பரவால்ல. வந்துட்டல்ல."

நாடாவை எடுத்தார். சில்லென்று இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்தது போல. தள்ளினார். கை மறந்திருக்கவில்லை. சர்ர்… சர்… தடக். இரண்டு ஓட்டமும் சேர்ந்து கேட்டன. சம்பந்தம் முதல் முறையாகச் சிரித்தான். தலையில் ஒரு நரைகூட இல்லை. ஜினதாஸுக்குப் பாதித் தலை வெளுத்துவிட்டது.

"ஒனக்கு மட்டும் வயசே ஆவலியாடா?"

அவன் அடுத்த வரியை அடித்தான்.

கடிகாரம் ஐந்து முப்பத்தொன்று.

இருபது வரி போட்டிருப்பார்கள். முப்பது இருக்கலாம். நெய்தால் துணி வளர வேண்டும். விரல் அளவு வளர்ந்தால் சுருட்டிக்கொள்ள வேண்டும். இது வளரவில்லை. நெய்த ஓரம் உட்கார்ந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தது.

மணி பார்த்தார். ஐந்து முப்பத்தொன்று.

விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்டு தாசு. இருட்றதுக்குள்ள. பக்கத்துல வெச்சிருக்குது பாரு."

அலுமினியத் தட்டில் தயிர்ச்சோறு. உட்கார்ந்தபோது அது அங்கே இல்லை.

"பொழுது இருக்குதுப்பா," என்றான் சம்பந்தம். "நீ சாப்ட்ற வரைக்கும் இருக்கும்."

ஜைனர்கள் வெளிச்சத்தில் சாப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சோற்றில் எறும்போ கொசுவோ விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல்கூட ஓர் உயிர் வாய்க்குள் போகக் கூடாது. குழந்தையிலிருந்து பழக்கம். ஜினதாஸ் ஒரு கவளத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

கவளத்தின் நிழல் தட்டில் விழவில்லை.

கையின் நிழலும் இல்லை.

வெயில் இருந்தது. நிழல் எதற்கும் இல்லை. தறிக்கு இல்லை. சம்பந்தத்துக்கு இல்லை.

கவளத்தைத் தட்டில் போட்டார். மெதுவாக… சம்பந்தத்தின் பக்கம் குனிந்தார். குழிக்குள் பார்க்க.

குழி இல்லை.

கெட்டியான மண் தரை. சாணி மெழுகிக் காய்ந்து வெடித்திருந்தது.

அந்தத் தரையிலிருந்து, இடுப்புக்கு மேல்… சம்பந்தம்.

"தாசு," என்றான். "போவாத."

சர்ர்…

தடக்.

எப்படி வெளியே வந்தார் என்று தெரியாது. தெருவில் நல்ல இருட்டு. அமாவாசை இருட்டு. கைக்கடிகாரத்தில் ஐந்து முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தபோது ஹால் கடிகாரத்தில் எட்டுப் பத்து. இலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கபா பூட்ட?" என்றார் சபாபதி.

"சம்பந்தம் வீட்டுக்கு."

"ரேஷன் கடை சம்மந்தமா? தோ, பாயசம் குடிச்சினு கீறானே!"

"அவன் இல்ல. தறிக்கார சம்பந்தம். திருஞானசம்பந்தம்."

சபாபதியின் சிரிப்பு நின்றது. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"அவன் செத்து பதினஞ்சு வருசம் ஆச்சேபா. பரீச்சை முடிஞ்ச மறுமாசம். காமாலை."

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு இருவரும் போய்ப் பார்த்தார்கள். கதவில் துருப்பிடித்த பூட்டு. ஜன்னல் வழியே வெறும் தரை தெரிந்தது. மகன் போனபின் பெற்றவர்கள் குழியை மண்போட்டு மூடிவிட்டு ஆரணிக்குப் போய்விட்டார்களாம். எதிர் வீட்டு நீலாம்பாள் வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அமாவாசைக்கி அமாவாசை கேக்கும்பா. ஒத்த நாடா. நாங்க கண்டுக்கறதில்ல. பாவம், அது யாரையும் ஒண்ணும் பண்றதில்ல."

அன்றைக்கே ஜினதாஸ் நாக்பூருக்கு வண்டி ஏறிவிட்டார். இதோடு முடிந்திருந்தால், பசியில் ஏதோ கண்ணைக் கட்டியது என்று சொல்லிவிடலாம்.

டிசம்பர் கடைசியில் சபாபதியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"அன்புள்ள ஜினதாசுக்கு, நலம். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, சயின்ஸ் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன் நீதான். நீ வண்டி ஏறிய அன்று ராத்திரி படுத்தபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. உன்னைத் தெரியவில்லை என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள். ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை, மார்கழி அமாவாசை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அந்த வீட்டில் தறி ஓடியதாம். இந்தத் தடவை இரண்டு நாடாவும் கேட்டதாம். நீலாம்பாள் மட்டும் அல்ல, தெருவே கேட்டிருக்கிறது. உள்ளே ஒரு குரல் தாசு, தாசு என்று கூப்பிட்டிருக்கிறது. இன்னொரு குரல் பதில் சொல்லியிருக்கிறது. அதை நீலாம்பாள் சத்தியம் பண்ணிச் சொல்கிறாள். உன் குரல்தானாம். நீ வந்திருந்தாயா? ஊருக்கு வந்து எங்கள் வீட்டுக்கு வராமல் போனாயா?"

மார்கழி அமாவாசை, டிசம்பர் பதினேழு. யுத்தம் நின்ற நாள். ரயில்வேயில் ஒருவருக்கும் லீவு இல்லை. ஜினதாஸ் அன்று முழுக்க நாக்பூரில்தான் இருந்தார். பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது.

பதில் எழுத அவர் ஒரு கார்டை எடுத்து வைத்தார். ஒரே வார்த்தைதான் எழுத வேண்டும். மணி ஏழு ஐந்தாயிற்று. பத்தரை ஆயிற்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது.

'வரவில்லை' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை.