ஹொங்கொங் காரியாலயத்தின் பச்சைக் கதவு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேருக்குக் கிட்ட இருக்கிறோம். எல்லோரும் மலையகத்துப் பிள்ளைகள்தான். பாதிப் பேர் கொழும்புக் கடைகளிலும் கட்டாரிலும் வேலை பார்க்கிறார்கள். மீதிப் பேர் என்னைப் போல் தேயிலைத் தோட்டத்திலேயே கிடக்கிறார்கள். கிரிப்டோ கொயின் வாங்குவதைப் பற்றிப் பேசத்தான் குழு. வாங்கியவர்கள் கொஞ்சம், வாய் பார்த்தவர்கள் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் யாராவது ஒருவர் பீதி கிளப்புவது அங்கே வழக்கம். கொயினைக் கண்டுபிடித்தவர் கதிர்காமத்தில் மொட்டை போட்டுச் சாமியாராகிவிட்டாராம். கடவுச்சொல் எழுதி வைத்திருந்த கொப்பியை ஆடு தின்றுவிட்டதாம், இனி உலகத்தில் யாரும் ஒரு சதம்கூட எடுக்க முடியாதாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதறுவார்கள். பழையவர்கள் சிரித்து உருளுவார்கள். பிறகு யாராவது, "சேர் வந்து சொல்லட்டும்" என்று எழுதுவார்கள்.

அந்தச் சேர் நான்தான். பூண்டுலோயாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. மேலே கோயில் ரோட்டு வளைவுக்கு ஏறினால்தான் போனுக்கு உயிர் வரும். அங்கே நின்று கொண்டு மூன்று கேள்வி கேட்பேன். யார் சொன்னது, எங்கே சொன்னது, சொன்னவர் கண்ணால் பார்த்தாரா? பெரும்பாலான பீதிகள் இரண்டாவது கேள்வியைத் தாண்டாது. அந்தப் பொய்களை நான் வெறுத்ததே இல்லை. நாலு தடவை ஆட்டுக் கதையில் பயந்தவன், ஐந்தாவது தடவை நிஜமான மோசடிக்காரன் வரும்போது ஆதாரம் கேட்கப் பழகியிருப்பான். பீதி கிளப்பும் அந்தப் பையன்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு.

ஊருக்குத்தான் உபதேசம். எனக்கே ஒரு கொயின் மேல் ஆசை விழுந்திருந்தது. அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதி வங்கியில் கிடந்தது. வீடு கட்ட எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் துண்டுக் காணியில் சுவர் எழும்பி நின்றது, மேலே கூரை இல்லை. அந்தப் பணம் கூரைக்கு. அதை மூன்று மாதம் கொயினில் போட்டால் கூரையோடு குசினியும் கட்டிவிடலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அம்மா, "நீ படிச்சவன், பாத்துச் செய்" என்று விட்டுவிட்டார். என் மனைவி வேண்டாம் என்றாள். "உனக்கு இது வெளங்காது" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் குழுவில் லீக்ஸ் அண்ணன் சேர்ந்தார். முகப்புப் படத்தில் வெங்காயத்தாள் மாதிரி ஒரு கட்டு லீக்ஸ், பெயர் இல்லை, அதனால் அந்தப் பட்டம். வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார். அவருடைய பீதிகளில் ஆடும் சாமியாரும் வரவில்லை. நான் வாங்க ஆசைப்பட்ட அதே கொயினைப் பற்றித்தான் எப்போதும் எழுதுவார். நான் "அடுத்த வாரம் இறங்கப் போகிறேன்" என்று எழுதினால், மறுநாளே அதில் பணம் போட்ட ஒருவர் வீட்டை விற்ற கதை வரும். யார், எங்கே, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மடக்குவேன். ஒரு தடவை கோபம் வந்து, "அண்ணன், படிச்சவங்க இருக்கிற குழு இது. ஆதாரம் இல்லாம எழுதாதீங்க" என்று காரமாகவே எழுதினேன். அன்றைக்கு வீட்டில் சம்பலும் காரமாக இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

வங்கிக்குப் போக ஒரு திங்கட்கிழமையைக் குறித்தேன். முதல் நாள் ஞாயிறு, வழக்கம் போல வளைவில் நின்றேன். லீக்ஸ் அண்ணன் இந்த முறை ஆதாரத்தோடு வந்தார். பூட்டிய பச்சைக் கதவு ஒன்றின் படம். "அந்தக் கொயின் கம்பனியோட ஹொங்கொங் காரியாலயத்த பூட்டிட்டாங்க. காசு போட்டவங்க எல்லாம் வாசல்ல நிக்கிறாங்க."

"வாசல்ல ஒருத்தரையும் காணோமே?" என்று கட்டாரிலிருந்து ஒருவன் கேட்டான்.

"மழைக்கு ஒதுங்கிட்டாங்க."

குழு கொல்லென்று சிரித்தது. ஆனாலும் இரண்டு மூன்று பேர் பயந்துவிட்டார்கள். "சேர், நெசமா? வித்துறவா?" என்று கேட்டார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கைச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. எங்கள் மலையில் எல்லாப் பூட்டுக்கும் அப்படித்தான் சட்டை போடுவோம். இல்லாவிட்டால் மழையிலும் பனியிலும் ஒரே மாதத்தில் துருப்பிடித்துவிடும். ஹொங்கொங்கில் யார் பூட்டுக்கு சொப்பிங் பேக் கட்டுவார்கள்? கதவின் கீழ்ப்பாதியில் குழந்தைகள் சுரண்டி வைத்த இடத்தையும் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்தவன் நான். எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் கதவு அது. அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள், தினமும் அந்தப் பூட்டைப் பூட்டுகிறவள், என் மனைவி.

முதலில் கோபம்தான் தலைக்கு ஏறியது. ஐம்பது பேருக்கு முன்னால் என்னை முட்டாளாக்குகிறாளே என்று நினைத்தேன். பிறகு "மழைக்கு ஒதுங்கிட்டாங்க" என்பதை மறுபடி படித்தேன், அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பயந்தவர்களை அப்படியே விட முடியாது. "பொய். இந்தக் கதவு ஹொங்கொங்கில இல்ல. யாரும் பயந்து விக்காதீங்க" என்று எழுதினேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அனுபவம் என்றேன். அதற்கு மேல் லீக்ஸ் அண்ணனை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு இறங்கி வந்தபோது அவள் ரொட்டிக்கு மா பிசைந்து கொண்டிருந்தாள்.

"ஹொங்கொங்ல நல்ல மழையோ?" என்றேன்.

கை ஒரு நொடி நின்றது. "கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"யார்ட போன்?"

"என் தம்பி விட்டுட்டுப் போன பழைய போன். மடுவத்துக்குப் பின்னால ஏறி நின்னா ரெண்டு கோடு சிக்னல் வரும்."

"இதுக்கு இவ்ளோ நாடகமா? எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

"நேரா மூணு தடவ சொன்னேங்க. மூணு தடவயும் ஒனக்கு வெளங்காதுன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அந்த லீக்ஸ் என்ன சொன்னாலும் யாரு, எங்க, எப்படின்னு உக்காந்து கேட்டீங்க. அவன் சொன்னது அத்தனையும் பொய்யி. நான் சொன்னதுக்கு ஒரு நாளாச்சும் ஏன்னு ஒரு கேள்வி கேட்டீங்களா?"

ஊரில் உள்ள பொய்க்கெல்லாம் மூன்று கேள்வி வைத்திருந்தவன், ஒற்றை அறைக் காம்பராவில் கூட இருந்தவளிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. பலகையை இழுத்துப் போட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"சரி, இப்ப கேக்கிறேன். ஏன் வேணாங்கிற?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பிசைந்த மா காய்ந்துபோகும் வரைக்கும் சொன்னாள்.