கிரிட் என்றால் மணல்

தரைக்கு மெருகு போடுகிறவர்கள் மத்தியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கண்ணாடி’. அவர் மெஷின் ஓட்டிய தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தத் தொழிலில் கிரிட் என்றால் மெருகுக் கல்லிலிருந்து உதிரும் மணல். கடைசிச் சுற்றில் ஒரு துணுக்கு அடியில் சிக்கினாலும் தரையெல்லாம் கீறல். வேலையை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

அதனால்தான், மகளுக்கு ஓட்டம் பழக்கும் கோச் மைதான வாசலில், “உங்க பொண்ணுகிட்ட கிரிட் ஜாஸ்திங்க” என்றபோது அவருக்குச் சுருக்கென்றது. கூட ஓடும் பிள்ளைகளோடு உரசுகிறாள் போலிருக்கிறது! அங்கே தலையாட்டிவிட்டு வந்தவர், வீட்டில் குதித்தார்.

“நாலு பேரோட ஒத்துப்போகத் தெரியாதவளுக்கு ஓட்டம் ஒரு கேடா? நாளையிலேர்ந்து கிடையாது.”

“நான் என்னப்பா பண்ணேன்?”

“எதிர்த்துப் பேசாதே!”

அவள் ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

அடுத்த வாரம், வேலையிடத்தில் தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மைத்துனன் விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போனில் தேடிப் பார்த்தான்.

“மாமா, முதல்ல மணல், சரளைக்குத்தான் அந்தப் பேராம். அப்புறம் என்ன வந்தாலும் விடாப்பிடியா நிக்கிற ஆளுங்களுக்கும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களாம். அந்த மனுஷன் புள்ளையப் புகழ்ந்திருக்காரு. நீ அவளையே கழுவி ஊத்திட்டியே!”

அவர் மெஷினை அணைத்தார். காதெல்லாம் சுட்டது.

சாயங்காலம் மகளிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னார். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா” என்றாள். அவர் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து ஷூவை எடுத்து வைத்தார். இருவரும் மைதானத்துக்குப் போனார்கள்.

“எங்கம்மா போயிட்டே?” என்றார் கோச். “போட்டிக்கு ரிலே டீம் லிஸ்ட்டை நேத்துதான் அனுப்பினேன். இனிமே மாத்த முடியாதே.”

“காய்ச்சல் சார்.”

தனக்காக அவள் சொன்ன பொய் அவரைக் கூனிக்குறுக வைத்தது.

“காய்ச்சல் இல்லைங்க. நீங்க கிரிட்டுன்னீங்க… நான் எங்க வேலையில சொல்ற கிரிட்டுன்னு… நான்தாங்க அனுப்பல.”

கோச்சுக்குச் சிரிப்பு பீறிட்டது. எதிரே நின்றவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேங்க.”

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மகள் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினாள்.

“அப்பா, நீங்க கிளம்புங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

டீமில் இடமில்லை என்று தெரிந்தும் அவள் ஓடப் போனாள். அவர் கேட்டைத் தாண்டி, அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.